சிறகும் செலாவணியும்

மனிதன் நிலத்தில் கோடு கிழித்தான். அக்கோட்டிற்கு எல்லை என்று பெயரிட்டான். அதனைக் காக்கக் காவலரை நிறுத்தினான். எனினும் அவ்வெல்லையைப் பொருட்படுத்தாது கடந்து செல்வன இரண்டு உண்டு. ஒன்று, இயற்கை படைத்த சிறகு. மற்றொன்று, மனிதன் தானே படைத்த பணம். அரை கிராம் எடையுள்ள ஒரு வண்ணத்துப்பூச்சி கனடாவில் புறப்பட்டு மெக்சிகோவில் இறங்குகின்றது. மெக்சிகோவில் அச்சிடப்பட்ட வெள்ளிக்காசு ஒரு காலத்தில் பினாங்குக் கடைத்தெருவில் கைமாறியது. இவ்விரு பயணங்களுக்கும் தொடர்பில்லை என்றே எவரும் கருதுவர். ஆயினும் மெக்சிகோ நாட்டின் மிச்சோவாக்கான் மாநிலத்து மலைகளில் இவ்விரண்டும் ஒரே மண்ணில் சந்தித்தன. அண்மைக் காலக் கலைஞர் சிலர் சிறகையும் பணத்தையும் தம் கலைக்குப் பொருளாகக் கொண்டமைக்கும் அந்த வரலாற்றுக்கும் உள்ள உறவு ஆராயத்தக்கது.

வண்ணத்துப்பூச்சியின் வழி

மோனார்க் என்னும் சொல்லுக்கு மன்னர் என்பது பொருள். செம்மஞ்சள் சிறகில் கரிய நரம்புகள் ஓடும் இவ்வண்ணத்துப்பூச்சிக்கு அப்பெயர் பொருத்தமானதே. நம் ஊர் எருக்கின் இனத்தைச் சார்ந்த பாற்செடிகளின் இலையே இதன் புழுவுக்கு உணவு; அவ்விலையன்றி வேறொன்றையும் அது உண்பதில்லை. கோடையில் பிறக்கும் பூச்சிகள் சில வாரங்களே வாழ்ந்து மடிகின்றன. ஆனால் கோடை முடிவில் தோன்றும் தலைமுறை மட்டும் எட்டு மாதம் வரை உயிர் வாழ்கின்றது. அதுவே கனடாவின் தென்பகுதியிலிருந்தும் அமெரிக்காவின் வடகிழக்கிலிருந்தும் புறப்பட்டு, நான்காயிரம் கிலோமீட்டர் வரை பறந்து, மத்திய மெக்சிகோவின் மலைகளை அடைகின்றது. அங்கே கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாய்த் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றது. இளவேனிலில் வடக்கு நோக்கிப் புறப்படும் அத்தலைமுறை வழியிலேயே முட்டையிட்டு மடிகின்றது. மறு ஆண்டு அம்மலைக்குத் திரும்பி வருவன அதன் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களுமே. முன்னர் ஒருபோதும் கண்டிராத மரத்தை அவை தேடி வந்தடைகின்றன.

இவ்வழியை அறிவுலகம் கண்டறிந்த வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தனிச் சுவை தருவதாகும். டொராண்டோ பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் பிரெட் அர்குகார்ட் என்பவரும் அவருடைய துணைவியார் நோராவும் 1930களின் இறுதி முதல் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டனர். பூச்சியின் சிறகில் சிறு தாட்சீட்டை ஒட்டி, கண்டெடுப்போர் தம் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புமாறு அதில் அச்சிட்டனர். 1952 முதல் தன்னார்வலர் பலர் இப்பணியில் சேர்ந்தனர். இறுதியில் கென் புரூகர் என்பாரும் மிச்சோவாக்கானில் பிறந்த கத்தலினா அகுவாதோ என்னும் மங்கையும் 1975 ஜனவரியில் செரோ பெலோன் மலையில் கோடிக்கணக்கான பூச்சிகள் மரங்களை மூடியிருக்கக் கண்டனர். மறு ஆண்டு அர்குகார்ட் அவ்வனப்பகுதிக்கு நேரில் சென்றார். பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை அவர் முன் முறிந்து விழுந்தது. அதில் கிடந்த ஒரு பூச்சியின் சிறகில் வெண்ணிறச் சீட்டு ஒன்று இருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சாஸ்கா என்னும் ஊரில் பள்ளி மாணவர் இருவரும் அவர்தம் ஆசிரியரும் ஒட்டி அனுப்பிய சீட்டு அது. ஏறத்தாழ நாற்பதாண்டு ஆராய்ச்சியின் முடிவை ஒரு பள்ளிக்கூடத்தின் கைவேலை உறுதிப்படுத்தியது.

அறிவுலகம் கண்டறிந்தது 1975இல் எனினும், அம்மலைவாழ் மக்கள் அதனைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தே இருந்தனர். புரேபெச்சா, மசாவா ஆகிய பழங்குடியினர் வாழும் நிலம் அது. நவம்பர் முதலிரு நாள்களில் இறந்தோரை நினைந்து அங்கே விழா எடுக்கின்றனர். பூச்சிகள் வந்து சேரும் காலமும் அதுவே. ஆகவே மூதாதையரின் ஆவிகளே சிறகு பூண்டு இல்லம் திரும்புகின்றன என்பது அவர்தம் நம்பிக்கை.

வெள்ளி வந்த வழி

இதே மலைகள் வேறொரு பொருளுக்கும் பெயர் பெற்றவை. வண்ணத்துப்பூச்சிக் காடுகளுக்கு வாயிலாக இன்று விளங்கும் அங்காங்கேயோ என்னும் ஊர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளிச் சுரங்கத்தால் எழுந்த ஊராகும். அதன் அண்டை ஊராகிய த்லால்பூஹாவாவில் பதினாறாம் நூற்றாண்டிலேயே வெள்ளி எடுக்கப்பட்டது. சுரங்கத்தின் உட்சுவரைத் தாங்குவதற்கும் உலைக்கு எரியூட்டுவதற்கும் மரம் வேண்டியிருந்தது. பூச்சிகள் தொங்கிய காட்டுக்கும் காசுக்கும் பகை தோன்றிய கதை இங்கேதான் தொடங்குகின்றது.

ஸ்பானியர் 1535இல் மெக்சிகோ நகரில் நாணயச் சாலை நிறுவ ஆணை பிறப்பித்தனர். 1546இல் சக்காத்தேக்காஸ் வெள்ளிச் சுரங்கம் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பெருகிய வெள்ளி, ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள எட்டு ரியால் நாணயமாக உருப்பெற்றது. 1565 முதல் 1815 வரை இரண்டரை நூற்றாண்டுக் காலம், அக்காபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குச் சென்ற பெருங்கப்பல்கள் அந்நாணயத்தைச் சுமந்து பசிபிக் கடலைக் கடந்தன. சீனத்துப் பட்டும் பீங்கானும் அதற்கு ஈடாகச் சென்றன. சீன வணிகர் அதனை ஏற்றனர். மலாய்த் தீவுகளின் வணிகரும் ஏற்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில்கூட 1857 வரை அது சட்டப்படி செல்லுபடியாயிற்று. உலகப் பொதுச் செலாவணி என்னும் பெயருக்கு முதலில் உரியது அந்த மெக்சிகோ வெள்ளியே எனலாம்.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயர் ஆட்சி நடந்தபோதும், கடைத்தெருவில் நடமாடியது ஆங்கில நாணயம் அன்று, வெள்ளி டாலரே. ஸ்பானிய நாணயமும், பின்னர் விடுதலை பெற்ற மெக்சிகோ அச்சிட்ட கழுகுச் சின்ன நாணயமும் இங்கே கணக்கு வழக்கின் அடிப்படையாயின. 1903இல் நீரிணை டாலர் வெளியிடப்பட்ட பின்னரே மெக்சிகோ நாணயத்தின் செல்வாக்கு இங்கு ஓய்ந்தது. நாணயம் ஓய்ந்தாலும் சொல் ஓயவில்லை. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லுக்கு முதற்பொருள் பற்பற்களான விளிம்புடையது என்பது. அந்த ஸ்பானிய வெள்ளியின் வெட்டுவிளிம்பைத் தடவிப் பார்த்தோர் இட்ட பெயர் அது. 1975இல் மலேசியா அதனைத் தன் பணத்தின் அதிகாரப்பூர்வப் பெயராக ஏற்றது. தமிழரோ உலோகத்தின் பெயரையே பணத்துக்கு இட்டு, வெள்ளி என்றனர். இன்றும் சந்தையில் மூன்று வெள்ளி, நான்கு வெள்ளி என விலை பேசும் தமிழர், தம்மை அறியாமலே அந்தப் பழைய உலோகத்தின் நினைவைச் சுமக்கின்றனர்.

தாளாகிய பணம்

வெள்ளிக்காசுக்கு உலோகமதிப்பு உண்டு. உருக்கினாலும் ஓரளவு விலை பெறும். தாட்பணத்துக்கோ அவ்வாறு யாதுமில்லை. சீனத்தில் சோங் அரசு 1024இல் சிச்சுவான் பகுதியில் தாட்பணம் வெளியிட்ட நாள் முதல், அதனைத் தாங்கி நிற்பது நம்பிக்கை ஒன்றே. 1971 ஆகஸ்டு 15ஆம் நாள், டாலருக்கு ஈடாகப் பொன் தரும் வழக்கத்தை அமெரிக்கா நிறுத்தியது. உலகச் செலாவணிக்கும் பொன்னுக்கும் எஞ்சியிருந்த கடைசிக் கயிறும் அன்று அறுந்தது.

நம்பிக்கை குலைந்தால் தாள் வெறுந்தாளே என்பதை மலாயா மக்கள் நூலில் படித்து அறியவில்லை. வாழைமரம் பொறித்த ஜப்பானிய நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் மதிப்பிழந்ததைக் கண்ணாரக் கண்டனர். லத்தீன் அமெரிக்க நாடுகள் இப்பாடத்தைப் பலமுறை கற்றன. மெக்சிகோ, 1980களின் விலையேற்றத்துக்குப் பின்னர், 1993இல் பழைய ஆயிரம் பெசோவை ஒரு புதிய பெசோவாக்கி மூன்று சுழிகளை நீக்கியது. மறு ஆண்டின் இறுதியிலேயே அப்புதிய பெசோவும் சரிந்தது. வெனிசுவேலா 2018இல் ஐந்து சுழிகளை நீக்கியது. அந்நாட்டிலிருந்து வெளியேறி, கொலம்பியாவின் எல்லை நகரத்துத் தெருக்களில் அமர்ந்த ஏழை மக்கள், மதிப்பிழந்த நோட்டுகளை மடித்துப் பின்னிக் கைப்பைகளாக விற்றனர். பணமாக இருந்தபோது வாங்க இயலாத ஒருவேளை உணவை, அத்தாள் பையாக மாறியபின் ஈட்டித் தந்தது.

கலைஞர் கண்ட காட்சி

ஓவியத்தைச் சுவரில் மாட்டி நின்று நோக்குவது பழைய மரபு. ஓர் அறையையோ மண்டபத்தையோ முழுமையாக ஆட்கொண்டு, அதனுள் பொருள்களை அமைத்து, காண்போர் உள்ளே நடந்து சென்று உணருமாறு செய்வது நிறுவல் கலை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கலை வளர்ந்தது. சிறகும் பணமும் இக்கலைக்கு ஏற்ற பொருள்களாயின. இரண்டும் இலேசானவை, தனியே காணும்போது அற்பமானவை, திரளும்போதே வியப்பூட்டுபவை.

பிரேசில் நாட்டுக் கலைஞர் சில்டோ மெய்ரெலெஸ் 1970இல், இராணுவ ஆட்சிக் காலத்தில், பணத்தாள்களின்மீது முத்திரையால் வாசகங்களை அச்சிட்டு மீண்டும் புழக்கத்தில் விட்டார். 1975இல் பத்திரிகையாளர் விளாடிமிர் ஹெர்சோக் இராணுவக் காவலில் உயிரிழந்தார். அதனைத் தற்கொலை என்றனர் ஆட்சியாளர். ஹெர்சோகைக் கொன்றது யார் என்னும் வினாவைத் தாங்கிய நோட்டுகள் அதன்பின் கைமாறத் தொடங்கின. கிழித்தெறிந்தால் பணம் போய்விடும் என்பதால் எவரும் அவற்றைக் கிழிக்கவில்லை. செலவழித்துப் பிறர்க்கே அனுப்பினர். அடக்குமுறையின் எல்லையைக் கேள்வி கடந்து சென்றது பணத்தின் சிறகேறியே. அவரே 1987இல் அமைத்த ஒரு நிறுவலில், ஆறு இலட்சம் நாணயங்களைத் தரையில் பரப்பி, இரண்டாயிரம் மாட்டெலும்புகளை மேலே தொங்கவிட்டு, இரண்டையும் கிறித்தவ வழிபாட்டின் அப்பத்துண்டுகள் எண்ணூற்றால் ஆன மெல்லிய தூணால் இணைத்தார். தென்னமெரிக்காவில் காசும் சமயமும் பழங்குடியினரின் உயிரும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாற்றை அக்காட்சி உணர்த்தியது.

ஜெர்மானியக் கலைஞர் ஹான்ஸ் பீட்டர் ஃபெல்ட்மன் செய்தது வேறு வகை. நியூயார்க் நகரக் குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் வழி அவருக்கு 2010ஆம் ஆண்டுக்கான பரிசாக ஓர் இலட்சம் டாலர் கிடைத்தது. அவர் 2011இல் அதே தொகைக்குப் புழங்கிய ஒரு டாலர் நோட்டுகளாக ஓர் இலட்சம் தாள்களை எடுத்து, அருங்காட்சியகத்தின் சுவர்களிலும் தூண்களிலும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே படிய ஊசியால் குத்தி நிரப்பினார். பூச்சி சேகரிப்போர் வண்ணத்துப்பூச்சியைப் பலகையில் குத்தி வைக்கும் முறையே அது. ஓயமெல் மரத்தில் சிறகுகள் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் காட்சியை அறிந்தோர்க்கு அச்சுவர்கள் அம்மரத்தை நினைவூட்டும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மரத்துப் பூச்சி வெயில் பட்டதும் எழுந்து பறக்கும். ஊசி குத்திய டாலர், கண்காட்சி முடியுமட்டும் எதையும் வாங்க இயலாத தாளாகத் தொங்கிக் கிடந்தது.

சிறகின் பக்கம் நின்று பேசிய கலைஞர் மெக்சிகோவின் கார்லோஸ் அமொராலெஸ். 1970இல் பிறந்த இவர், நோயுற்றிருந்த தம் பாட்டியைக் காண வடமெக்சிகோ சென்றிருந்த வேளையில், ஓரிரவு இக்காட்சி தம் மனத்தில் தோன்றியதாகக் கூறியுள்ளார். கருந்தாளில் வெட்டிய ஆயிரக்கணக்கான அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் சுவரிலும் கூரையிலும் மொய்த்துக் கிடக்கும் அந்நிறுவலுக்குக் கருமேகம் என்று பெயர். 2007இல் முதன்முதல் காட்சிக்கு வந்த அது, உலக நகரங்கள் பலவற்றுக்கும் பயணம் செய்து, 2015இல் டொராண்டோவையும் அடைந்தது. தாட்சீட்டு ஒட்டிய பூச்சிகளை அர்குகார்ட் தெற்கே அனுப்பிய அதே நகருக்கு, மெக்சிகோவிலிருந்து தாட்பூச்சிகள் முப்பதாயிரம் வந்து சேர்ந்தன. செம்மஞ்சள் நிறம் மட்டும் அவற்றில் இல்லை. இறந்தோர் சிறகு பூண்டு வருவர் என்னும் நம்பிக்கையுள்ள நாட்டில், பாட்டியின் பிரிவை எண்ணிய பேரனுக்குக் கருஞ்சிறகே தோன்றியது வியப்பன்று.

அர்ஜென்டினாவில் பிறந்து மெக்சிகோவில் குடியேறிய மாக்சிமோ கொன்சாலெஸ், புழக்கத்திலிருந்து நீக்கப்பட்ட நோட்டுகளை வெட்டியும் நெய்தும் பெருஞ்சுவரோவியங்கள் அமைத்தார். செல்லாத் தாளுக்குக் கலைமதிப்புக் கொடுத்த அவர் கை, மதிப்பு என்பது எங்கிருந்து பிறக்கின்றது என்னும் வினாவை எழுப்பியது.

மனிதனுக்கு மட்டும் சுவர்

1994 ஜனவரி முதல் நாள் கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. மோனார்க்கின் அந்நெடும்பயண வழியில் அமைந்த நாடுகளும் இம்மூன்றே. சரக்கும் முதலும் அவ்வழியே தாராளமாகச் சென்றன. பூச்சியும் வழக்கம்போல் சென்றது. உழைப்பாளிக்கு மட்டும் வேலி உயர்ந்தது. இம்முரண்பாட்டைக் கண்ட கலிபோர்னியக் கலைஞர் ஃபாவியானா ரொட்ரிகெஸ், புலம்பெயர்தல் அழகியது என்னும் கருத்தை 2012இல் மோனார்க் சிறகில் எழுதிப் பரப்பினார். ஊர்வலங்களில் குழந்தைகள் தாட்சிறகு கட்டி நடந்தனர். எல்லைச் சுவருக்கு எதிராக, டெக்சாஸ் மாநிலத்து மிஷன் என்னும் ஊரிலுள்ள வண்ணத்துப்பூச்சி நிலையமே 2017இல் வழக்குத் தொடுத்தது.

வேலியைக் கடந்து சென்ற மெக்சிகோ உழைப்பாளர் பணத்தை வீட்டுக்கு அனுப்பினர். 2023இல் அவ்வாறு மெக்சிகோவுக்குத் திரும்பிய தொகை 6,300 கோடி டாலர். அதனை மிகுதியாகப் பெறும் மாநிலங்களுள் மிச்சோவாக்கான் ஒன்று. தான் திரும்ப இயலாதவன் தன் பொருளைத் திருப்பி அனுப்புகின்றான். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழகச் சிற்றூர்களுக்கு மணியார்டர் அனுப்பிய தலைமுறையின் வழித்தோன்றல்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நோட்டில் இறங்கிய பூச்சி

மெக்சிகோ அரசு 1986இல் இக்காடுகளைக் காக்க ஆணையிட்டது. 2000இல் காப்பெல்லை 56,000 எக்டருக்கு விரிவாயிற்று. 2008இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆயினும் ஆணை வயிற்றை நிரப்பாது. மரம் வெட்டிப் பிழைத்தோரை, வெட்டாதிருங்கள் என்றால் அவர்கள் எதனை உண்பர்? இவ்வினாவுக்கு விடையாக 2000ஆம் ஆண்டு முதல் ஒரு நிதி அமைக்கப்பட்டு, மரத்தைக் காக்கும் ஊர்ச் சமூகங்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. வெட்டிய மரத்துக்கே விலை தந்த உலகம், நிற்கும் மரத்துக்கும் விலை தரக் கற்றது.

எனினும் அழிவு முற்றும் நிற்கவில்லை. வடக்கே வயல்களில் தெளிக்கப்படும் களைக்கொல்லி பாற்செடியை அழித்தது. தெற்கே மரம் குறைந்தது. காட்டின் போர்வை கிழிந்த இடத்தில் குளிர் புகுந்தது. 2002 ஜனவரிக் குளிர்புயலில் பூச்சிகள் குவியல் குவியலாய் மடிந்தன. அவற்றை எண்ணிக் கணக்கிடல் இயலாது என்பதால், அவை மூடியிருக்கும் காட்டின் பரப்பை அளப்பர். 1996-97 குளிர்காலத்தில் ஏறத்தாழ 18 எக்டராக இருந்த அப்பரப்பு, 2013-14இல் 0.67 எக்டராகச் சுருங்கியது. 2023-24இல் 0.9 எக்டர், 2024-25இல் 1.79 எக்டர்.

காவலரும் இழப்புக்கு ஆளாயினர். முன்னர் மரம் வெட்டியவராய் இருந்து, பின்னர் எல் ரொசாரியோ காட்டின் காவலராய் மாறியவர் ஹொமேரோ கோமெஸ் கொன்சாலெஸ். பூச்சிகள் தம்மைச் சூழ்ந்து பறக்க நின்று, அக்காட்டின் அழகை உலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். 2020 ஜனவரியில் அவர் காணாமற்போனார். இரு வாரங்களுக்குப் பின் ஒரு நீர்த்தேக்கத்தில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்.

அதே 2020ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பூச்சிகள் மலைக்கு வந்திறங்கும் மாதத்தில், மெக்சிகோ மத்திய வங்கி புதிய நூறு பெசோ நோட்டை வெளியிட்டது. ஒரு புறம் பதினேழாம் நூற்றாண்டுப் பெண்பாற் கவிஞர் சோர் ஹுவானா இனெஸ் தெ லா குரூஸ். மறுபுறம் மிச்சோவாக்கான் காடும் அதில் பறக்கும் மோனார்க்குகளும். பன்னாட்டு நோட்டுச் சேகரிப்போர் கழகம் அதனை அவ்வாண்டின் சிறந்த நோட்டாகத் தேர்ந்தது. சுரங்கத்துக்காக மரத்தை இழந்த மலையே பணத்தின்மீது ஓவியமாய் அமர்ந்தது. ஐந்நூறு ஆண்டு வரலாறு ஒரு சிறு தாளில் அடங்கிற்று.

முடிவுரை

அந்நோட்டை அச்சிட்ட வங்கி, அதன் மதிப்பு குறையாதவாறு காக்க வல்லுநர் பலரை அமர்த்தியுள்ளது. அதில் வரையப்பட்ட பூச்சியின் எண்ணிக்கையைக் காக்க அத்துணைப் பேர் இல்லை. நோட்டுத் தீர்ந்தால் மீண்டும் அச்சிடலாம். சிறகைக் மீண்டும் அச்சிட எந்த அரசாலும் இயலாது. கலைஞர்கள் காசைத் தரையில் கொட்டியும், டாலரைச் சுவரில் குத்தியும், கருஞ்சிறகைக் கூரையில் மொய்க்கவிட்டும் எழுப்பிய கேள்வி இதுவே. எதற்கு விலையிடுகின்றோம், எதனை விலையின்றி இழக்கின்றோம்?

இக்கேள்விக்கு விடை தேடும் பொறுப்பு அறிஞர்க்கும் ஆள்வோர்க்கும் மட்டும் உரியதன்று. நெடுங்கால ஆராய்ச்சியை நிறைவு செய்தது, பள்ளிப் பிள்ளைகள் இருவர் பூச்சியின் சிறகில் ஒட்டிய ஒரு துண்டுத் தாள். வங்கி அச்சிட்டதன்று அது. அதற்கு விலையும் இல்லை. ஆயினும் மூன்று நாடுகளின் அறியாமையை அகற்றும் ஆற்றல் அதற்கு இருந்தது. வகுப்பறையில் இவ்வரலாற்றைக் கேட்கும் மாணவன், அடுத்தமுறை கடைத்தெருவில் ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுக்கும்போது, அச்சொல் பிறந்த உலோகத்தையும் அவ்வுலோகம் ஈன்ற மலையையும் அம்மலையில் இன்னும் வந்திறங்கும் சிறகுகளையும் ஒரு கணம் எண்ணுவானாயின், வரலாறு கற்பித்ததன் பயன் கைகூடியது எனக் கொள்ளலாம்.